ரிசல்ட் வந்த மறுநாள் காலை

கோபிசெட்டிபாளையம் பக்கத்து ஊர்ப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். நான்கு ஆண்டு பி.எஸ்சி. நர்சிங், கோவையில் விடுதி வாசம். கடைசி ஆண்டிலேயே கல்லூரிக்கு வந்து நேர்காணல் நடத்திய ஆஸ்பத்திரி ஒன்று ஆஃபர் லெட்டர் கொடுத்துவிட்டது. சீருடைக்கு அளவும் கொடுத்தாயிற்று. அப்போது ரிசல்ட் வருகிறது. எல்லாப் பாடத்திலும் பாஸ், ‘நர்சிங் ரிசர்ச் அண்ட் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ மட்டும் காலை வாரிவிட்டது. பிரசவ வார்டில் இரவு முழுக்க நின்ற பெண், திட்ட விலக்கம் கணக்கில் விழுந்திருக்கிறார்.

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு அவர் போகலாமா? போனால் எந்தப் பெயரில்? ஆஃபர் லெட்டரில் ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்று அச்சடித்திருக்கிறதே, அது இன்னும் செல்லுமா? அவர் வீட்டில் அன்று இரவு யாரும் தூங்கப்போவதில்லை. அந்த ஓர் இரவுக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம்.

முதலில் ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். அமெரிக்காவில் கல்லூரி பட்டம் கொடுக்கும். வேலை செய்யும் உரிமத்தை ‘என்க்ளெக்ஸ்’ என்ற தனித் தேர்வு கொடுக்கும். இந்தியாவில் நர்ஸ்களுக்கு அப்படித் தனியாக ஒரு லைசென்ஸ் தேர்வு நடைமுறையில் இல்லை. இங்கே பல்கலைக்கழகத் தேர்வுதான் வாசல். தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளுக்குச் சென்னை கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் தேர்வு நடத்துகிறது. தேறியவர் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மிட்வைஃப்கள் கவுன்சிலில் பதிந்துகொள்ள வேண்டும். சாந்தோம் நெடுஞ்சாலையில் இருக்கும் அந்த கவுன்சிலின் வேர் 1926-ஆம் ஆண்டு சென்னை மாகாணச் சட்டத்தில் இருக்கிறது. அங்கே கிடைக்கும் பதிவு எண்ணைத்தான் வார்டுகளில் ‘ஆர்.என்.ஆர்.எம். நம்பர்’ என்றும், சுருக்கமாக ‘நம்பர்’ என்றும் சொல்கிறார்கள். 1947-ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்கு மாற்றாக 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய நர்சிங், மிட்வைஃபரி ஆணையச் சட்டமும் பதிவேட்டையே நடுவில் வைக்கிறது.

ஆக, ஒரு பேப்பர் போனால் பட்டம் தள்ளிப்போகிறது. பட்டம் இல்லாமல் நம்பர் வராது, நம்பர் இல்லாதவரை ஸ்டாஃப் நர்ஸ் என்று போட முடியாது. அமெரிக்காவில் சில மாநிலங்களில் படிப்பு முடித்தவர், தேர்வு முடிவு வரும்வரை தற்காலிக அனுமதியில் வேலை பார்க்கலாம். கலிஃபோர்னியாவில் அதற்கு இடைக்கால அனுமதி என்று பெயர். தேர்வில் தோற்ற செய்தி வந்ததும் அது அங்கேயே முடிந்துவிடும். தமிழ்நாட்டில் அந்த இடைப்படியே கிடையாது. நம்பர் இருக்கும், இல்லையென்றால் இல்லை.

ஆஸ்பத்திரிகள் இந்த இடத்தில் என்ன செய்கின்றன? பொதுவாக மூன்றில் ஒன்று. சேரும் தேதியை அடுத்த தேர்வு வரைக்கும் தள்ளிவைப்பார்கள். அல்லது ‘டிரெய்னி’, ‘நர்சிங் அசிஸ்டன்ட்’ என்று பெயரை மாற்றி, உதவித்தொகை மாதிரி ஒரு தொகைக்கு எடுத்துக்கொள்வார்கள். அல்லது ஆஃபரை ரத்து செய்வார்கள். ஆஃபர் லெட்டரின் இரண்டாம் பக்கத்தில், யாரும் படிக்காத ஒரு வரியில், ‘கவுன்சில் பதிவுக்கு உட்பட்டு’ என்ற பொருளில் ஏதாவது எழுதியிருக்கும். அந்த வரி இருக்கிறதா, எத்தனை நாள் அவகாசம் கொடுக்கிறது என்று பார்ப்பதுதான் அன்று இரவு செய்யவேண்டிய முதல் வேலை.

இரண்டாவது வேலை இன்னும் கடினமானது. காலையில் ஹெச்.ஆருக்கும் நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கும் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

ஒளித்துவைக்கும் ஆசை வரும். ‘ஆறு மாதம்தானே, அதற்குள் எழுதி முடித்துவிடலாம், யார் கேட்கப் போகிறார்கள்’ என்று அறைத்தோழி சொல்வார். கேட்பார்கள். தர அங்கீகாரமான என்.ஏ.பி.ஹெச். வாங்கிய ஆஸ்பத்திரி ஒவ்வொரு நர்ஸின் படிப்பையும் பதிவையும் சரிபார்த்துக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். கோவையின் பெரிய ஆஸ்பத்திரிகளில் பலவும் அந்த அங்கீகாரம் பெற்றவை. சரிபார்ப்பில் மாட்டிக்கொள்பவரின் கோப்பில் ‘தேர்வில் தவறியவர்’ என்பதற்குப் பதில் ‘தகவலை மறைத்தவர்’ என்று எழுதப்படும். முதல் வரியை அடுத்த தேர்வு அழித்துவிடும். இரண்டாவதை எந்தத் தேர்வும் அழிக்காது.

சொன்னால் பெரும்பாலும் பேச்சு இப்படித்தான் போகும். அப்பாவும் கூட வந்திருப்பார், தறிக்கோ தோட்டத்துக்கோ ஒருநாள் லீவு போட்டுவிட்டு.

“ஏனுங் மேடம், அப்ப பாப்பாவுக்கு வேலை போச்சுங்களா?”

“போகலீங்க. ஸ்டாஃப் நர்ஸுன்னு இப்பப் போட முடியாதுங்க, அவ்வளவுதான். நம்பர் வரட்டும்.”

“ஊருக்குள்ள வேலைக்குச் சேந்துட்டான்னு சொல்லிப்போட்டனுங்களே.”

“வேலைக்குத்தானுங்க வர்றாங்க. பேருதான் மாறுது. சம்பளமும் கொஞ்சம் குறையும். ஆறு மாசம் பல்லைக் கடிச்சுட்டு இருங்க. ஆனா பரீட்சைக்கு லீவு வேணும்னு இப்பவே எழுதிக் குடுத்துருங்க.”

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும் சூப்பரின்டென்டென்ட் அமைந்தால் அதிர்ஷ்டம். அமையாவிட்டாலும் கேட்டு வாங்க வேண்டியது அதுதான்: தேர்வு நாட்களுக்கு விடுப்பு, அதற்கு முந்தைய இரண்டு வாரம் நைட் டூட்டி இல்லை என்ற உறுதி, புதிய பதவிப் பெயரோடு ஒரு கடிதம். மூன்றும் எழுத்தில். வாய்வார்த்தையாகக் கிடைத்தது வார்டு இன்சார்ஜ் மாறியதும் காற்றோடு போய்விடும்.

தேர்வு விதி ஒன்றைப் பலர் கவனிப்பதில்லை. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியாகத் தேற வேண்டும். தேர்ச்சி மதிப்பெண் 50 சதவீதம், ஆங்கிலத்துக்கு மட்டும் 40. இரண்டும் உள்ள பாடத்தில் ஒன்றில் விழுந்தாலும் இரண்டையும் திரும்ப எழுத வேண்டும். மிட்வைஃபரி எழுத்துத் தேர்வில் நான்கு மதிப்பெண்ணில் போனவர், செய்முறையில் எவ்வளவு நன்றாகச் செய்திருந்தாலும் மறுபடி நோயாளி பக்கத்தில் நின்று செய்துகாட்டித்தான் ஆகவேண்டும். அதனால் ‘புத்தகத்தை மட்டும் பார்த்தால் போதும்’ என்று ஊருக்குப் போய் உட்கார்ந்துவிடுவது நல்லதல்ல. டிரெய்னியாகவாவது வார்டில் கை பழகிக்கொண்டிருப்பது செய்முறைத் தேர்வுக்கு நேரடி உதவி. படிப்பைச் சேர்ந்த நாளிலிருந்து 8 ஆண்டுக்குள் முடிக்க வேண்டும் என்பதும் விதி. ஒரு பேப்பருக்கு அது தாராளம். ஆனால் கல்யாணம், குழந்தை, வீட்டுச் சிரமம் என்று தள்ளிப்போட்டவர்களுக்கு அந்த எட்டு ஆண்டு எப்படிப் போயிற்று என்றே தெரியாமல் போயிருக்கிறது. மறுகூட்டல் கேட்க நினைப்பவர் ரிசல்ட் வந்த வாரத்திலேயே கல்லூரி அலுவலகத்தில் நிற்க வேண்டும்.

டிரெய்னியாக இருக்கும் மாதங்களில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது? படுக்கை மாற்றுவது, குளிப்பாட்டுவது, வெப்பநிலை, நாடி, ரத்த அழுத்தம் எடுத்து எழுதுவது, நோயாளியை ஸ்கேனுக்கு அழைத்துப்போவது, பதிவுபெற்ற நர்ஸின் கண்முன்னே டிரெஸ்ஸிங் செய்வது எல்லாம் சரி. தனியாக ஊசி மருந்து போடுவது, ரத்தம் ஏற்றும்போது இரண்டாவது ஆளாகச் சரிபார்த்துக் கையெழுத்திடுவது, மார்ஃபின் போன்ற மருந்துகளின் பதிவேட்டில் கையெழுத்து, இரவில் வார்டைத் தனியே பார்த்துக்கொள்வது ஆகியவை கூடாது. ஆள் பற்றாக்குறையான இரவில் “நீதான் எல்லாம் தெரிஞ்ச புள்ளையாச்சே, போட்டுடு கண்ணு” என்று சீனியர் சிஸ்டர் அன்போடுதான் சொல்வார். அன்புக்காகப் போட்ட ஊசி தப்பாகிவிட்டால், விசாரணையில் முதல் கேள்வி நம்பரைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

இதைவிடப் பெரிய ஆபத்து பெரிய ஆஸ்பத்திரியில் இல்லை. ஆஃபர் ரத்தானதும் ஊருக்குத் திரும்பும் பெண்ணை, பக்கத்து ஊர்ச் சின்ன நர்சிங் ஹோம் ஒன்று கையோடு கூப்பிட்டுக்கொள்ளும். நம்பர் கேட்காது. ‘சிஸ்டர்’ என்றே அழைக்கும், பிரசவம் முதல் தியேட்டர் வரை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லும், சம்பளத்தை மட்டும் பாதியாகக் கொடுக்கும். மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்த 1997-இல் தமிழ்நாடு சட்டமும், அதற்கு 2018-இல் விதிகளும் வந்திருக்கின்றன. தகுதியுள்ள பணியாளர் இருக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை. பதிவு இல்லாதவரை நர்ஸாக வைப்பது நிர்வாகத்தின் தவறுதான். ஆனால் அந்த இடத்தில் செலவழித்த ஆண்டுகள் நர்ஸ் அனுபவமாகப் பின்னால் எங்கும் எண்ணப்படாது. இழப்பு முழுவதும் அந்தப் பெண்ணுக்கு. தற்காலிகம் என்று போய் நான்கு வருடம் அங்கேயே தங்கி, அரியரையும் மறந்துவிட்டவர்கள் கொங்குச் சீமையின் ஒவ்வொரு தாலுகாவிலும் இருக்கிறார்கள். திறமைசாலிகள். அவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

சம்பளத்தைப் பற்றி ஓர் அளவுகோல் கையில் இருப்பது நல்லது. இந்தியப் பயிற்சிபெற்ற நர்ஸ்கள் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் பிறப்பித்த உத்தரவை அடுத்து மத்திய அரசு ஒரு நிபுணர் குழு அமைத்தது. 50 படுக்கைக்குக் குறைவான தனியார் ஆஸ்பத்திரியில்கூட நர்ஸின் மாதச் சம்பளம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் போனால் அரசு நர்ஸுக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்று அந்தக் குழு பரிந்துரைத்தது. பரிந்துரை இன்னும் எல்லா இடத்திலும் சம்பளச் சீட்டாக மாறவில்லை. ஆனாலும் நம்பர் வந்தபின் பேரம் பேச அதுவே தொடக்கப் புள்ளி. டிரெய்னி தொகையையே அடிப்படையாக வைத்து ‘ஆயிரம் கூட்டிக் கொடுக்கிறோம்’ என்றால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

கடன் வாங்கிப் படித்தவர்களுக்கு இன்னொரு கவலை. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், படிப்பு முடிந்து ஓர் ஆண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும். படிப்பு குறித்த காலத்தில் முடியாவிட்டால் அதிகபட்சம் 2 ஆண்டு வரை நீட்டிப்புக் கேட்கவும் அதில் இடம் உண்டு. மதிப்பெண் பட்டியலின் நகலையும் அடுத்த தேர்வுக்குப் பணம் கட்டிய ரசீதையும் இணைத்து மேலாளரிடம் எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் பரிசீலிப்பார்கள். எழுதிக் கொடுக்காமல் தவணை மட்டும் தவறினால், பிறகு வங்கியில் இருந்து வரும் தொலைபேசிகள் தேர்வுக்குப் படிக்கவே விடாது.

அரசு வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கும் நம்பர் தேதி முக்கியம். 2012-இல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எம்.ஆர்.பி., 2015-இல் 7,243 நர்ஸ்களை ஒப்பந்த அடிப்படையில் எடுக்கத் தேர்வு நடத்தியது. தொடக்கத் தொகுப்பூதியம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு அந்த நர்ஸ்கள் 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டு உட்கார்ந்தது ஊரறிந்த கதை. எம்.ஆர்.பி. விண்ணப்பத்திலேயே கவுன்சில் பதிவைக் கேட்கும். அறிவிப்பு வரும் மாதத்தில் அரியர் கையில் இருந்தால் அந்த வண்டி போய்விடும்; அடுத்தது எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இனி கடல் தாண்டும் தேர்வுகள். இங்கே ‘ஃபெயில்’ என்ற சொல்லின் எடையே மாறிவிடுகிறது. கோவையில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்துகொண்டே வெளிநாட்டுத் தேர்வு எழுதித் தோற்றவருக்கு இங்குள்ள வேலையில் ஒரு கீறலும் விழாது. ஆஸ்பத்திரிக்குச் சொல்லவேண்டிய கட்டாயமும் இல்லை. அந்த ஊருக்குப் போய் இறங்கியபின் எழுதித் தோற்றால் சம்பளம், விசா, தங்கும் அறை மூன்றும் ஒரே கயிற்றில் ஆடும்.

அமெரிக்காவின் என்க்ளெக்ஸ் முதல் வகை. சென்னையிலும் பெங்களூரிலும் மையங்கள் இருப்பதால் கோவைக்காரர் சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிப் போய் எழுதிவிட்டு வரலாம். 2023 ஏப்ரலில் புதிய வடிவம் வந்தபின் குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்வி. நேரம் 5 மணி. எழுதுபவரின் பதிலுக்கேற்பக் கணினி அடுத்த கேள்வியின் கடினத்தை மாற்றிக்கொண்டே போகும். கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் இன்னும் 150. தோற்றவர் 45 நாள் கழித்து மறுபடி எழுதலாம். சில மாநிலங்கள் இதைவிடக் கடுமையான விதி வைத்திருக்கின்றன. ஃபுளோரிடாவில் மூன்று முறை தோற்றவர் சீர்செய்யும் பயிற்சி வகுப்பு முடித்தால்தான் நான்காவது முறை. எனவே எந்த மாநிலத்தின் வழியாக விண்ணப்பிப்பது என்பதையே தோல்வியையும் கணக்கில் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தோற்றவருக்கு ஓர் அறிக்கை வரும். ஒவ்வொரு பகுதியிலும் தேர்ச்சி அளவுக்கு மேலே, அருகே, கீழே எங்கே நின்றார் என்று அது சொல்லும். அழுதுவிட்டு அதைக் கிழித்துப் போடுபவர்கள் உண்டு. அடுத்த 45 நாளுக்கான பாடத்திட்டம் அந்தத் தாள்தான்.

அமெரிக்காவிலேயே படித்து 2022-இல் முதல்முறை இந்தத் தேர்வை எழுதியவர்களில் தேறியவர்கள் 80 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஐந்தில் ஒருவர் விழுந்திருக்கிறார், சொந்த மண்ணில், சொந்த மொழியில். மறுபடி எழுதித் தேறியவர்கள் இன்று அங்கே வார்டு பார்க்கிறார்கள். ஈரோட்டுக்காரர் ஒருவர் ஒரு முறை தவறியதற்காகத் தன்னை மட்டமாக நினைத்துக்கொள்ள எந்தக் காரணமும் இல்லை.

பிரிட்டன் இரண்டாம் வகை. ஆங்கிலத் தேர்வும், சி.பி.டி. என்ற கணினித் தேர்வும் இந்தியாவிலேயே முடிந்துவிடும். ‘ஆஸ்கி’ என்று எல்லோரும் சொல்லும் செய்முறைத் தேர்வு அங்கே போனபிறகுதான். அதுவரை கையில் ‘பின்’ என்ற அந்த நாட்டுப் பதிவு எண் இருக்காது; அரசு ஆஸ்பத்திரியில் ‘பேண்ட்’ என்ற சம்பளப் படிநிலையில் 3 அல்லது 4. இங்கிலாந்தில் 2024-25 கணக்குப்படி பேண்ட் 3-க்கு ஆண்டுக்கு 24,071 பவுண்டு, பதிவுபெற்ற நர்ஸின் பேண்ட் 5 தொடக்கம் 29,970. இடைவெளி கிட்டத்தட்ட 6,000 பவுண்டு. ஆஸ்கியில் தவறும் ஒவ்வொரு மாதமும் அந்த இடைவெளியில் இருந்துதான் கழிகிறது.

தேர்வில் பத்து நிலையங்கள். நோயாளியை மதிப்பிடுவது, பராமரிப்பைத் திட்டமிடுவது, செய்வது, திரும்பிப் பார்ப்பது என நான்கு, கைத்திறன் நான்கு, பேச்சின்றி எழுதித் தரும் நிலையங்கள் இரண்டு. முழுத் தேர்வுக் கட்டணம் 794 பவுண்டு. ஏழு நிலையம் வரை தவறினால் தவறியதை மட்டும் பாதிக் கட்டணத்தில் மறுபடி செய்யலாம். ஒரு விண்ணப்பத்துக்கு மூன்று வாய்ப்பு. மூன்றும் போனால் அந்த விண்ணப்பம் மூடப்படும். ஆறு மாதம் காத்திருந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆனால் விசா விதி, பதிவுக்கு முந்தைய குறைந்த சம்பளத்தில் வேலை பார்க்க மொத்தம் 8 மாதம்தான் அனுமதிக்கிறது. இரண்டு கடிகாரமும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்பது படிக்கும்போதே தெரிகிறது. அங்கேதான் வேலை போகிறது. எடுத்த நிறுவனம் ஸ்பான்சர்ஷிப்பை விலக்கிக்கொண்டால், வழக்கமாக 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் கண்டுபிடிக்க வேண்டும், அல்லது திரும்ப வேண்டும். முன்பெல்லாம் ‘முதியோர் இல்லத்துக்காவது போய்விடலாம்’ என்று ஓர் ஆறுதல் இருந்தது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து கேர் வொர்க்கர்களைப் புதிதாக எடுப்பதை பிரிட்டன் நிறுத்திவிட்டதால் அந்த வாசலும் ஒடுங்கிவிட்டது.

ஆஸ்கியில் நம்மவர்கள் சறுக்குவது பெரும்பாலும் கைத்திறனில் அல்ல. கோவை வார்டில் ஒரு நர்ஸ் ஒரு காலை நேரத்தில் போடும் ஊசிகளின் எண்ணிக்கையை அங்கே சொன்னால் நம்பமாட்டார்கள். சறுக்குவது பேச்சில். ‘பன்னெண்டாம் பெட்’ என்று நோயாளியை அழைத்துப் பழகிய வாய், பெயரும் பிறந்த தேதியும் கேட்டு, கைப்பட்டையோடு ஒத்துப்பார்த்து, ஒவ்வாமை உண்டா என்று விசாரித்து, ‘இதைச் செய்யட்டுமா’ என்று அனுமதி வாங்கி, அதன்பிறகு மருந்தை எடுக்க வேண்டும். இதைச் செய்யத் தெரியாமல் இல்லை. இங்குள்ள கூட்டத்தில் நேரம் கிடைப்பதில்லை. போவதற்கு ஆறு மாதம் முன்பே, காலை மருந்துச் சுற்றில் ஐந்து நோயாளிகளிடமாவது அப்படிச் செய்து பழகினால் வாய் தானாகத் திரும்பிவிடும். நோயாளிகளுக்கும் அது பிடிக்கும். தாளில் தேதி, நேரம், கையெழுத்து விடாமல் எழுதுவதையும் அதே சுற்றிலேயே பழகிக்கொள்ளலாம். போகும் முன் ஒப்பந்தத்தில் பார்க்கவேண்டியது இரண்டே இரண்டு: மறுதேர்வுக் கட்டணம் யாருடையது, தவறினால் வேறு பணியில் வைத்துக்கொள்வார்களா.

ஜெர்மனி இவ்விரண்டுக்கும் நடுவில். அங்கே போய்ச் சேருபவர் முதலில் உதவிப் பராமரிப்பாளர் பெயரில் வேலை பார்ப்பார். படிப்பில் எது குறைகிறது என்று அந்த மாநில அலுவலகம் எழுதிக் கொடுக்கும். அதை ஈடுகட்ட ஒன்று சரிசெய்யும் பயிற்சி, இல்லையென்றால் அறிவுத் தேர்வு. அறிவுத் தேர்வின் ஒவ்வொரு பகுதியையும் ஒரே ஒரு முறைதான் திரும்ப எழுதலாம். அதன் பேச்சுப் பகுதியில் திணறுபவர் பயிற்சியைத் தேர்ந்தெடுப்பதே புத்திசாலித்தனம். மாதங்கள் கூடும், ஆனால் வழி அடைபடாது.

வளைகுடாத் தேர்வுகளை, ஊரில் ‘புரோமெட்ரிக்’ என்று சொல்வதை, இந்தியாவிலேயே எழுதலாம் என்பதால் தோல்வி பணத்தோடு போகிறது. ஆபத்து வேறிடத்தில்: ‘வா, அங்கே வந்து எழுதிக்கொள்ளலாம்’ என்று விசிட் விசாவில் கூப்பிடும் ஏஜென்ட். போனபின் தேர்வும் தவறினால் வீட்டுவேலையோ முதியவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையோதான் மிஞ்சும். ஏஜென்ட்களின் சுரண்டலைத் தடுக்க 2015-இல் மத்திய அரசு, குடியேற்ற அனுமதி தேவைப்படும் 18 நாடுகளுக்கு நர்ஸ்கள் அரசு நிறுவனங்கள் வழியாகவே போகவேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்தது. தமிழ்நாட்டுக்கு அந்த நிறுவனம் 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், ஓ.எம்.சி.எல்.

இரண்டு முறை தவறியவரின் தொலைபேசிக்கு எங்கிருந்தோ அழைப்பு வரும். ‘எழுதவே வேண்டாம், பாஸ் நாங்கள் வாங்கித் தருகிறோம்.’ 2023-இல் நைஜீரியாவின் இபாடான் நகரத் தேர்வு மையம் ஒன்றில் எழுதப்பட்ட சி.பி.டி. முடிவுகளில் சந்தேகம் எழுந்ததும், பிரிட்டனின் பதிவு அமைப்பு அங்கே எழுதிய எல்லோரையும் மறுபடி எழுதச் சொன்னது. அவர்களில் 500-க்கும் மேற்பட்டவர்கள் அதற்குள் பதிவுபெற்று வேலையிலேயே இருந்தவர்கள். அதே ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், 7,600 அளவில் போலி நர்சிங் சான்றிதழ்கள் விற்கப்பட்டது வெளியே வந்தது. அவற்றை வைத்து என்க்ளெக்ஸில் நிஜமாகவே தேறியவர்களின் உரிமங்களையும் மாநிலங்கள் பறிக்கத் தொடங்கின. காசு கொடுத்து வாங்கிய பாஸ் என்றைக்கு வேண்டுமானாலும் வேலையைப் பிடுங்கும். முறையாக எழுதித் தோற்றவரை அடுத்த தேர்வுக்கு வரவேண்டாம் என்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் யாரும் சொல்வதில்லை, வாய்ப்பு மீதமிருக்கும் வரை.

கோபிப் பெண்ணிடம் திரும்புவோம். ஆறு மாதம் டிரெய்னியாக இருந்தார், இரவு வார்டு முடிந்ததும் கேன்டீன் மேசையில் திட்ட விலக்கம் போட்டுப் பார்த்தார், பேப்பர் வந்துவிட்டது. இதோடு முடிந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இங்கேதான் பலர் அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். தற்காலிகப் பட்டச் சான்றிதழ் கிடைத்த வாரத்திலேயே கவுன்சில் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெங்களூர் பக்கம் படித்துவிட்டு வந்தவர்கள் கர்நாடகப் பதிவோடு நின்றுவிடாமல் தமிழ்நாட்டிலும் பதிந்துகொள்ள வேண்டும். ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பட்டம் மூன்றிலும் பெயரின் இனிஷியல் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஒரு புள்ளி வித்தியாசத்துக்குக்கூட விண்ணப்பம் திரும்பி வரும்.

நம்பர் வந்த அன்றே அதன் நகலை ஹெச்.ஆரிடம் கொடுத்து, ‘ஸ்டாஃப் நர்ஸ்’ என்ற புதிய நியமன ஆணையைக் கேட்க வேண்டும். ‘சம்பளம் அடுத்த மாசத்துல இருந்து ஏத்திடறோம், ஆர்டர் எதுக்குங்க’ என்பார்கள். ஆணை வேண்டும், அதில் பதிவு எண்ணும் பணி தொடங்கும் தேதியும் இருக்க வேண்டும். மூன்று ஆண்டு கழித்து துபாய்க்கோ ரியாத்துக்கோ விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் சரிபார்க்கும் நிறுவனம் கோவை ஆஸ்பத்திரிக்கு மின்னஞ்சல் அனுப்பி ‘இவர் எந்தத் தேதியிலிருந்து நர்ஸ்’ என்று கேட்கும். அன்று இன்றைய சூப்பரின்டென்டென்டும் இருக்கமாட்டார், ஹெச்.ஆரில் இருப்பவரும் மாறியிருப்பார். கோப்பில் இருக்கும் அந்த ஒரு தாளைப் பார்த்துத்தான் பதில் எழுதுவார்கள்.